தண்டியடிகளின் கயிறு

எங்கள் பக்கத்தில் எங்கே எது வெடித்தாலும் ஊர் முதலில் சொல்லும் சொல் ‘விதி’. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தபோது அதைத்தான் சொன்னார்கள். 2024 மே முதல் நாள், காரியாபட்டிக்குப் பக்கத்தில் ஆவியூரில் கல்குவாரி வெடிமருந்துக் கிடங்கு சிதறியபோதும் டீக்கடை பெஞ்சில் அதே சொல்தான். கண்ணோ கையோ போய்ப் பிழைத்து வருகிறவர்களையும் அந்தச் சொல் விடுவதில்லை. சொன்னபிறகு பேச்சு அடங்கிவிடும். மருந்தை எங்கே வைத்திருந்தார்கள், ஓர் அறையில் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்ற கேள்விகளெல்லாம் எழாமலே போய்விடும்.

என்னைப் பற்றியும் அந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்தேன். பிறந்தபோதே மங்கலான பார்வை, கல்லூரிக் காலத்தில் முழுக்கப் போய்விட்டது. “போன பிறவியில என்ன வினையோ, பிள்ளை இப்படி வந்து பிறந்திருக்கு” என்று அம்மாவிடம் ஆறுதல்போலச் சொல்லிவிட்டுப் போவார்கள். அம்மா பதில் பேச மாட்டார். நான் சைவன். தமிழாசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வினை உண்டு என்று நம்புகிறவன். அதனாலேயே இந்தக் கேள்வியை என்னால் தட்டிக்கழிக்க முடியவில்லை: வினையை நம்புகிற ஒருவன், பார்வையற்றவனுக்குத் திறக்காத ஒரு நூலகத்தைப் பற்றி என்ன நினைக்க வேண்டும்?

நூலகம் என்று இங்கே நான் சொல்வது இணையத்தில் இருக்கும் நூலகத்தை. மதுரை நத்தம் சாலையில் 2023 ஜூலை 15-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப்பிரிவே அங்கே இருக்கிறது. நல்ல காரியம். ஆனால் காரியாபட்டியிலிருந்து பஸ் ஏறி, மாட்டுத்தாவணியில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, சாலை கடந்து போய்ச் சேர எனக்கு இன்னொருவர் கை வேண்டும். அவருக்கு ஒரு நாள் கூலி போகும். என் மேசைமேல் இருக்கும் மடிக்கணினிக்கு யார் கையும் வேண்டாம். ஆகவே எனக்கு நூலகம் என்றால் முதலில் அதன் இணையதளம்தான்.

நான் படிப்பது காதால். மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்று ஆஸ்திரேலியாவில் இரண்டு பார்வையற்ற இளைஞர்கள் 2006-இல் எழுதத் தொடங்கிய என்விடிஏ என்ற திரைவாசிப்பான் என் கணினியில் இருக்கிறது. காசு கிடையாது, யாரும் இறக்கிக்கொள்ளலாம். திரையில் எழுத்து இருந்தால் தமிழிலேயே படித்துச் சொல்லும். எழுத்து இருந்தால் என்பதுதான் இதில் முக்கியம்.

சென்ற பங்குனியில் தண்டியடிகள் நாயனார் குருபூசைக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பெரியபுராணத்துக்கு ஒரு பழைய உரைநூல் வேண்டியிருந்தது. ஒரு நூலகத்தின் இணையதளத்தில் தேடினேன். “இணைப்பு, இணைப்பு, படம், பெயரிடாத பொத்தான்” என்று குரல் அடுக்கிக்கொண்டே போனது. எந்தப் பொத்தான் தேடுவதற்கு, எது திரும்பிப் போவதற்கு என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து நூலைக் கண்டுபிடித்தேன். திறந்தால் குரல் நின்றுவிட்டது. ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து படமாக ஏற்றியிருந்தார்கள். பார்க்கிறவர்களுக்கு அது புத்தகம், என் கணினிக்கு ஒரு சொல்கூட இல்லாத வெறும் படம். இன்னொரு இடத்தில் எழுத்து இருந்தது. ஆனால் யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துரு. அந்த எழுத்துருவில் ‘அம்மா’ என்பது உள்ளுக்குள் ஆங்கில எழுத்துகளாகத்தான் கிடக்கும். கண் அதை அம்மா என்று பார்க்கும். என் காதில் “எம், கே, அரைப்புள்ளி, கே, எச்” என்று விழும்.

என்னிடம் படித்த ஒருவன் இருக்கிறான். பட்டாசு வேலையில் வலது கை விரல்கள் போயின, இடது கையில் இரண்டு மிச்சம். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிறான். அவனுக்குக் கண் நன்றாகத் தெரியும். மவுஸைப் பிடித்து ஆட்டத்தான் முடியாது, விரல் முட்டியால் கீபோர்டைத் தட்டுவான். “சார், மெனுவுக்கு மேல மவுஸக் கொண்டுபோனாத்தான் அது விரியுது. கீபோர்டுல போனா எங்க நிக்கிறோம்னே தெரியல” என்றான். கண் உள்ளவனும் கண் இல்லாதவனும் ஒரே வாசலில் நின்றோம்.

இனி என் கேள்விக்கு வருகிறேன். சைவ மரபு பார்வையின்மையை வினையோடும் தண்டனையோடும் சேர்த்துத்தான் பேசியிருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. திருவொற்றியூரில் தம் மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறியதால் சுந்தரர் இரண்டு கண்களையும் இழந்தார் என்கிறது பெரியபுராணம். எங்கள் பக்கத்துத் திருச்சுழியைப் பாடியவர் அவர். முற்பிறவிவரை போக வேண்டாம், இப்பிறவியில் செய்ததற்கே இப்பிறவியில் பலன். வினைக்கொள்கைக்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

ஆனால் கதை அடுத்து எங்கே போகிறது என்று பாருங்கள். பார்வையில்லாமல் நடந்த சுந்தரர் திருவெண்பாக்கத்துக்குப் போய்ச் சிவனிடம் கேட்கிறார். கண் கிடைக்கவில்லை, ஊன்றுகோல் கிடைக்கிறது. பிறகு காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மற்றொன்று. தண்டித்தவனே கோலையும் கொடுத்தான். அவர் ஊர் ஊராக நடந்து பாடிய அந்த நாட்களில் எந்தக் கோயில் கதவும் அவருக்கு அடைத்திருக்கவில்லை. கேட்டபோதும் அவர் குழைந்து கேட்கவில்லை. தம்பிரான் தோழர் அல்லவா, சண்டை பிடித்து உரிமையோடு கேட்டார். வினை உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் கோல் கொடுக்கும் கடமை அதனால் அற்றுப்போகவில்லை. இறைவனுக்கே அற்றுப்போகாத கடமை ஒரு நூலகத்துக்கு எப்படி அற்றுப்போகும்?

தண்டியடிகள் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. திருவாரூரில் பிறவியிலேயே பார்வையற்றவர். கோயிலுக்கு மேற்கே இருந்த குளம் தூர்ந்து சுருங்கிக்கொண்டு வந்தது. அதைத் தோண்டி அகலப்படுத்த நினைத்தார். குளத்துக்குள் ஒரு தறி, கரையில் ஒரு தறி, இரண்டுக்கும் நடுவே கயிறு. மண்ணை வெட்டிக் கூடையில் எடுப்பார், கயிற்றைத் தடவிக்கொண்டே கரைக்கு வந்து கொட்டுவார், தடவிக்கொண்டே திரும்பிப் போவார். எதிர்த்தவர்களைச் சமணர்கள் என்கிறது புராணம். அந்தக் காலத்து மதச்சண்டை அந்தக் காலத்தோடு போகட்டும். அவர்கள் செய்தது என்ன என்பதுதான் எனக்குக் கணக்கு. கேலி பேசினார்கள், மண்வெட்டியையும் கூடையையும் பறித்தார்கள், தறியைப் பிடுங்கினார்கள். அதற்குப் பிறகுதான் அரசன் முன்னிலையில் அடிகள் குளத்தில் மூழ்கிக் கண் பெற்று எழுகிறார். எதிர்த்தவர்கள் கண் இழக்கிறார்கள்.

மேடையில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் கண் வந்த அற்புதத்தில் போய் முடிப்பார்கள். குருபூசை அன்று நான் அங்கே முடிக்கவில்லை. கண் வருவதற்கு முன்பே தண்டியடிகள் தொண்டர்தான். தொண்டு குறைவில்லாமல் நடந்துகொண்டுதான் இருந்தது. அவருக்கு இடைஞ்சலாக வந்தது அவருடைய கண் அல்ல, பிடுங்கப்பட்ட கயிறு. தறி நின்றிருந்த நாள்வரை பார்வையின்மை அவர் வேலையை ஒரு நாளும் நிறுத்தவில்லை. கதையின் கடைசியில் எதிரிகளுக்குக் குருடு தண்டனையாக வருவதை என்னால் ஏற்க முடியவில்லை, அதையும் அன்று சொன்னேன். என் உடல் யாருக்கும் தண்டனைக்கு உதாரணம் ஆகக் கூடாது. புராணத்தைப் பாடிய சேக்கிழாரை வணங்கிக்கொண்டே இதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

இணையதளத்திலும் அந்தக் கயிறு உண்டு. தலைப்பைத் தலைப்பு என்று உள்ளே குறித்து வைத்தால், எச் விசையைத் தட்டித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிப் போவேன். பொத்தானுக்குப் பெயர் எழுதினால் அது தேடலா திரும்புதலா என்று காதில் விழும். படத்துக்கு ஒரு வரி விளக்கம் வைத்தால் படத்தில் இருப்பது தெரியும். எல்லாமே கீபோர்டில் இயங்கினால் என் மாணவனுக்கு மவுஸ் வேண்டாம். ஸ்கேன் செய்த பக்கத்தை ஓசிஆர் என்னும் எழுத்துணரியில் ஓட்டி, பிழை திருத்தி வைத்தால் படம் நூலாகும். 1999-இலிருந்து இதற்கெல்லாம் உலகப் பொது வழிகாட்டுதல் இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பும் ஐஎஸ் 17802 என்று தனித்தரமே வகுத்துவிட்டது. செய்யத் தெரியாத வேலை எதுவும் இதில் இல்லை.

பார்வையின்மையே குறை, அதனால்தான் படிக்க முடியவில்லை என்பவர்களுக்குத் தமிழ் இலக்கிய வரலாறே பதில் சொல்லும். அந்தகக்கவி வீரராகவ முதலியார் பார்வையற்றவர். இரட்டைப்புலவர்களில் ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க முடியாதவர். ஒருவர் தோளில் ஒருவர் ஏறிப் போனார்கள், ஒருவர் தொடங்கிய பாட்டை மற்றவர் முடித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலர் குழந்தையிலேயே அம்மையில் கண்ணை இழந்தவர். இராமநாதபுரம் அவையில் புகழோடு இருந்தார். ஒருவர் ஓலையைப் படிக்க, சுற்றியிருப்பவர்கள் கேட்டு மனத்தில் ஏற்றிய காலம் அது. வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வைத்துவிட்டுக் கேள்விக்கும் தனி அதிகாரம் வைத்தார். கல்வி காது வழியாகப் போனவரை கண் இல்லாதவர் கல்லாதவர் ஆகவில்லை. அச்சு வந்து நூல் வீட்டுக்கு வீடு போனது, பெரிய கொடை. ஆனால் கல்வி கண்ணுக்குள் சுருங்கியதும் அப்போதுதான். அதே கண், அதே இருட்டு. நூலின் வடிவம் மாறியதும் புலவராக இருந்தவர் ஊனமுற்றவர் ஆனார். இதை முன்வினை என்று எப்படிச் சொல்வது?

கணினி எழுத்து அந்தப் பழைய காதுக் கல்வியைத் திருப்பிக் கொடுக்க வந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பெரியபுராணம் முழுக்க எழுத்தாகவே இருக்கிறது. தன்னார்வலர்கள் ஊர் ஊராக, நாடு நாடாக உட்கார்ந்து தட்டச்சு செய்தது. குருபூசைக்கு எனக்குக் கைகொடுத்தது அதுதான். தண்டியடிகள் புராணத்தை இரவு வாசல் திண்ணையில் உட்கார்ந்து யாரையும் தொந்தரவு செய்யாமல் கேட்டேன். தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமை ஆன நூல்களைப் பக்கம் பக்கமாகப் பிழை திருத்துகிறவர்களும் இதே தொண்டைத்தான் செய்கிறார்கள். சம்பளம் இல்லாதவர்களால் முடிந்த காரியம் இது.

எங்கள் பக்கத்துக்கு வாசலுக்கு வெளியே நிற்பது என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் போனதற்கு வழக்கு வந்தது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. நடுவில் 1899-இல் சிவகாசி கலவரம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோரையும் நாடாரையும் அழைத்துப் போக 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அத்தனை காலமும் வெளியே நின்றவர்களிடம் சொன்ன காரணம், ‘பிறப்பு அப்படி’ என்பது. கதவைச் சாத்தியவன் தன் கையைப் பார்க்கவில்லை, வெளியே நின்றவனின் முற்பிறவியைப் பார்த்தான். இன்று அந்த வாதத்தைக் கோயில் வாசலில் யாராவது பேசினால் நமக்குக் கோபம் வரும். அதே வாதம் என் கண்ணைப் பற்றி வரும்போது ஆறுதல்போல ஒலிக்கிறது.

வேதாந்தம் படித்த நண்பர் ஒருவர் வேறு மாதிரி சொன்னார். “நீங்க உடம்பு இல்ல வாத்தியாரே. ரமணர் சொன்னது அதுதான. கண்ணு தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? புத்தகத்துல இருந்தா ஞானம் வருது?” ரமணர் எங்கள் பக்கத்துக்காரர். 1879-இல் திருச்சுழியில் பிறந்தவர். அப்பா போனபிறகு மதுரையில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தபோது, சித்தப்பா யாரிடமோ இரவல் வாங்கி வந்திருந்த பெரியபுராணம் அந்தப் பையன் கையில் கிடைத்தது. நாயன்மார்களின் கதை அவனை உலுக்கியது. 1896-இல் அவன் திருவண்ணாமலைக்குப் போனான். ஞானம் புத்தகத்தால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஓர் இரவல் புத்தகம் சரியான நேரத்தில் திறந்தது என்று சொல்வேன். எந்த நூல் யாருக்காகக் காத்திருக்கிறது என்று எந்த நூலகருக்கும் தெரியாது. தெரியாத காரணத்தாலேயே எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டும்.

‘நீ உடம்பு அல்ல’ என்பது ஒருவன் தன்னைப் பார்த்துச் சொல்லிக்கொள்ள வேண்டிய வாக்கியம். கண்ணாலே படித்துக்கொண்டிருப்பவன் கண் இல்லாதவனைப் பார்த்துச் சொன்னால் அது உபதேசம் ஆகாது, கதவைச் சாத்துவது ஆகும். ரமணரே அப்படிச் செய்யவில்லை. ஆசிரம நூல்களின் அச்சுப்படிகளைத் தாமே உட்கார்ந்து திருத்தியவர் அவர். எழுத்து பிழையில்லாமல் படிக்கிறவன் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற அக்கறை அந்த ஞானிக்கு இருந்தது.

சரி, தருமமாகச் செய்யலாமே என்பார்கள் சிலர். செய்கிறவர்களை வணங்குகிறேன், ஆனால் நூலகம் தரும சத்திரம் அல்ல. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இலேயே நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அவர் முயற்சியால் 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் வேறெந்த மாநிலத்துக்கும் முன்பு. அந்தச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்குகிறார்கள். நானும் கட்டுகிறேன். பார்வை இல்லை என்று எனக்கு அதில் தள்ளுபடி கிடையாது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறக்குறைய 11.8 லட்சம் பேர். அவர்கள் குடும்பங்களும் கட்டுகின்றன. நான் கட்டிய வரியில் வாங்கிய நூலை எனக்கு வாசிக்கக் கொடுப்பது தானமா, கடனா?

சட்டம் கடன் என்றே சொல்லிவிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. அச்சிலோ ஒலியிலோ மின்னணு வடிவிலோ இருக்கும் செய்தி எல்லோரும் அணுகும் வடிவில் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது அதன் 42-ஆம் பிரிவு. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்புச் சொன்னது. சட்டம் கட்டாயம் என்று சொன்னதை விதிமுறைகள் வெறும் வழிகாட்டலாகத் தளர்த்த முடியாது என்றது. 2025 ஏப்ரல் 30 அன்று இன்னொரு வழக்கில், இணையச் சேவைகளை அணுகும் உரிமை வாழ்வுரிமையின் பகுதி என்றது. காப்புரிமைச் சாக்கும் இனிச் செல்லாது. படிக்க இயலாதவர்களுக்காக நூலை வேறு வடிவில் மாற்ற 2012-இலேயே சட்டம் இடம் கொடுத்துவிட்டது. 2013-இல் மராகேஷில் உருவான உலக உடன்படிக்கையை முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா.

இத்தனைக்கும் பிறகு வினையைப் பற்றி நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். வினை என்றால் செய்தது. செய்தவனைத் தொடர்வது. ஓர் இணையதளத்தைத் திரைவாசிப்பான் படிக்காதபடி அமைப்பது ஒரு செயல். பெயரில்லாத பொத்தானை வைத்தது ஒரு கை. பழைய எழுத்துருவிலேயே போதும் என்று முடிவு செய்தது ஒரு மனம். எல்லோரும் அணுகும்படி அமைக்க வேண்டும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்காமல் கையெழுத்துப் போட்டது ஓர் அலுவலகம். அந்த வினை நடந்தது இப்பிறவியில், இந்த நிதியாண்டில். அதைத் தேடி என் முற்பிறவிக்குப் போகிறவர்கள் வினைக்கொள்கையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். வினையில் உண்மையாக நம்பிக்கை வைத்தவன் அடுத்தவன் கணக்கைப் பார்க்க மாட்டான், தன் கை என்ன செய்கிறது என்று பார்ப்பான். ஊழை அறத்துப்பாலின் கடைசியில் வைத்த வள்ளுவர் அத்தோடு நூலை முடிக்கவில்லை. பொருட்பாலில் ஆள்வினையுடைமை என்று முயற்சிக்கு ஓர் அதிகாரம் எழுதினார். அதுவும் வினைதான், இனிச் செய்ய வேண்டிய வினை.

ஆகவே நூலகத்துறையில் இருக்கிறவர்களிடம் நேராகவே கேட்கிறேன். நாளைக் காலையில் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, உங்கள் தளத்தில் ஒரு நூலைத் தேடித் திறந்து பாருங்கள். திரையை அணைத்துவிட்டு என்விடிஏ வழியாக இன்னொரு முறை தேடுங்கள். எங்கே நிற்கிறீர்களோ அங்கேதான் நாங்களும் நிற்கிறோம். புதிதாகத் தளம் அமைக்க டெண்டர் விடும்போது ஐஎஸ் 17802-ஐ நிபந்தனையாகப் போடுங்கள். வேலை முடிந்தது என்று பில்லில் கையெழுத்துப் போடும் முன்னால் பார்வையற்ற ஒருவரையும், கை இயங்காத ஒருவரையும் கூலி கொடுத்து உட்காரவைத்துச் சோதியுங்கள். ஏற்றும் காணொளிக்கு எழுத்துவரி போடுங்கள், காது கேளாதவர்களும் உங்கள் வாசகர்கள்தான். ஸ்கேன் செய்த நூல்கள் எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் எழுத்தாக்க முடியாது, தெரியும். எதை முதலில் செய்வது என்று எங்களைக் கேளுங்கள். பாடநூல்களும் போட்டித்தேர்வு நூல்களும் முதலில் என்று என் மாணவன் சொல்வான். தேவாரமும் பெரியபுராண உரைகளும் என்று நான் சொல்வேன். எங்களுக்குள் சண்டை வரும், அதைத் தீர்த்துக்கொள்கிறோம்.

எங்களுக்குக் கண் கொடுக்கும்படி யாரையும் நாங்கள் கேட்கவில்லை. அது உங்களால் ஆகாதது. தறியை நட்டுக் கயிறு கட்டுவது உங்களால் ஆகும். ஆகக்கூடிய ஒன்றைச் செய்யாமல் இருப்பவருக்கு விதியின் பெயரைச் சொல்லும் உரிமை எந்தச் சமயத்திலும் இல்லை.